பயந்த குழந்தையும் ஊராட்சியின் பொறுப்பும்

(தென்காசி வட்டார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் சாலை, குடிநீர், குளத்து மடை ஆகியவற்றைப் பற்றியே பேசி வருகிறோம். இன்று குழந்தைகளின் மனத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இதுவும் ஊராட்சியின் வேலையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆம் என்பதே நம் கருத்து.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த மக்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அதற்கு முன் 2023 டிசம்பரில் பெய்த பெருமழை தென் மாவட்டங்களையே கலங்கச் செய்தது. இத்தகைய காலங்களில் இடிந்த சுவருக்கும் அழிந்த பயிருக்கும் நாம் கணக்கெடுக்கிறோம். வெள்ளத்தைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

வெள்ளம் ஒன்றே காரணம் என்பதில்லை. தகப்பனார் இறந்த வீடு, குடியும் அடிதடியும் நிறைந்த வீடு, பிழைப்புக்காகத் தந்தை கேரளத்துக்குச் சென்றுவிட, தாய் பகலெல்லாம் பீடி சுற்றும் வீடு என, குழந்தை துன்புறும் இடங்கள் பல. பெரியவர்களைப் போல, 'என் மனம் சரியில்லை' என்று குழந்தை சொல்வதில்லை. வயிறு வலிக்கிறது என்கிறது. நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருகிறது. இரவில் அலறி எழுகிறது. பள்ளிக்குப் போக மறுக்கிறது. காரணமின்றித் தம்பியை அடிக்கிறது. இவற்றை அடம் என்று கருதி நாமும் அடிக்கிறோம். நெற்பயிர் மஞ்சளித்தால் சத்துக் குறைவா, பூச்சியா என்று ஆராய்கிறோம். பயிரின்மேல் கோபம் கொள்வதில்லை. பிள்ளையிடத்திலும் அந்தப் பொறுமை வேண்டும்.

'பயந்திருக்கிறான், மந்திரித்து வருவோம்' என்பது நம் பக்கத்து வழக்கம். திருநீறு பூசுவதை நாம் தடுக்க வரவில்லை. அதனோடு நின்றுவிடலாகாது என்பதையே வற்புறுத்துகிறோம். பல குழந்தைகள், வீட்டாரின் அன்பாலும், வேளைக்கு உணவு, உறக்கம், பள்ளி என்னும் ஒழுங்காலும், சில வாரங்களில் தாமே தேறிவிடுகின்றன. ஒரு மாதம் கடந்தும் தேறாவிடில் சிகிச்சை வேண்டும். சாக விரும்புவதாகக் குழந்தை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அச்சிகிச்சை எத்தகையது? பெரும்பாலும் பேச்சும் விளையாட்டுமே. சிறு குழந்தைக்குப் பொம்மையும் மணலும் வண்ணக் குச்சியும் தரப்படுகின்றன. வாயால் சொல்ல இயலாததை அது வரைந்தும் ஆடியும் காட்டிவிடுகிறது. சற்று வளர்ந்த பிள்ளைக்கு முதலில் மூச்சை நிதானப்படுத்தப் பழக்குகிறார்கள். பின்னர், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் சிறுவன் எனில், வாளி நீரில் தொடங்கி, வாய்க்கால், பம்பு செட்டுத் தொட்டி என்று படிப்படியாக அச்சத்தைப் பழக்கிக் குறைக்கிறார்கள். நடந்ததைத் தன் சொற்களில், தனக்கு இயன்ற அளவில் அவன் சொல்லும்படி செய்கிறார்கள். இது வாரம் ஒரு முறையாக 12 முதல் 16 அமர்வுகள் வரை செல்லக்கூடும். பெற்றோரும் அதில் பங்குகொள்ள வேண்டும். இரண்டு முறை போய்விட்டுக் 'குணமில்லை' என்று நிறுத்துவது, ஒரு தண்ணீரோடு நெல் விளையவில்லை என்பதைப் போன்றது.

இங்கே ஒன்றை எச்சரிக்க விரும்புகிறோம். துன்பம் நேர்ந்த வீட்டுக்குச் செல்வோர் குழந்தையை நிறுத்தி, 'என்னதான் நடந்தது, சொல்லு' என்று ஆளுக்கொரு முறை கேட்கிறார்கள். இரக்கத்தால்தான் கேட்கிறார்கள் எனினும், அது புண்ணைக் கிளறுவதாகும்.

இது பட்டணத்தாருக்கு மட்டும் உரிய வைத்தியமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடற்கரைக்கு வந்தார்கள். அத்தனை குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் போதார் என்பதால், ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். மீனவக் கிராமங்களில் அவர்களைக் கொண்டே ஓவியம், கதை, விளையாட்டு வாயிலாகப் பிள்ளைகளைத் தேற்றினார்கள். கடினமான நிலையில் இருந்தோரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே முதலில் காணக்கூடியவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியருமே. ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, ஏட்டில் மட்டும் இராமல், இவர்களை அழைத்துப் பேசட்டும். எந்தப் பிள்ளை பல நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டாலே பாதி விவரம் வெளிவரும். குழந்தையின் பெயரைக் கிராம சபையில் படிக்க வேண்டாம். அது வீட்டாருக்கும் குழுவுக்கும் தெரிந்தால் போதும்.

தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையை அணுகலாம். கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். குழந்தைக்குக் கொடுமை நேர்வதாக ஐயம் எழுந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். இவ்வெண்களை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் எழுதிவைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், 'சந்தைக்குப் போகிறோம்' என்று பிள்ளையிடம் பொய் கூறாதீர்கள். 'ஒருவரிடம் பேசப் போகிறோம், நானும் உன்னுடன் இருப்பேன்' என்று சொல்லியே அழைத்துச் செல்லுங்கள்.