பொடி எழுத்தில் ஒரு வரி

பின்வரிசையில் கைபேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே,

“செய்தியெல்லாம் கைபேசியிலேயே வந்துவிடுகிறதே ஐயா, பேப்பர் எதற்கு?” என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. நேற்றிரவு உங்கள் வகுப்புக் குழுவுக்கு வந்த செய்தியை எழுதியது யார்? பொய்யென்று தெரிந்தால் யாரைப் பிடித்துக் கேட்பீர்கள்? அனுப்பிய நண்பனைக் கேட்டால், “எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்” என்பான். முன்பெல்லாம் ஊருக்கு எப்போதாவது ஒரு மொட்டைக் கடுதாசி வரும். இப்போது காலை வணக்கத்தோடு சேர்ந்து தினமும் வருகிறது!

நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை போட்டது. அச்சகங்களைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் வெள்ளைக்கார அரசு அதைக் கொண்டுவந்தது. ஆனாலும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பது நமக்கும் ஒரு பிடிமானம்தானே?

அந்த வரிக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. ‘இந்தியா’ பத்திரிகையில் அனல் பறக்க எழுதியவர் பாரதியார். பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் எம். சீனிவாசன். 1908-இல் வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவர் சீனிவாசன். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயரும் அதே ஆண்டு ராஜத்துரோக வழக்கில் கைதானார்.

அதற்காக, பெயர் போட்ட பத்திரிகையெல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பரபரப்பை விற்கும் தாளிலும் அந்த வரி இருக்கிறது. நான் பார்ப்பது வேறொன்று: நேற்று எழுதியது தவறென்றால் இன்று திருத்தம் போடுகிறார்களா? ‘தி இந்து’ 2006-இல், வாசகர் புகார்களைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தது. திருத்தமே போடாத பத்திரிகையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

பேப்பர் படிப்பதை விளையாட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், குற்றமில்லை. உங்களுக்குப் பிடித்ததை மட்டும் காட்டக் கைபேசி பழகிவிட்டது. பேப்பருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது; கிரிக்கெட்டைத் தேடிப் பக்கம் புரட்டுகிறவன் கண்ணில் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் படும். கோடை முழுக்க அந்த எண்ணைப் பார்த்து வாருங்கள். 120 அடி கொள்ளும் அணையில் எவ்வளவு இருக்கிறது, வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பார்களா, திறக்காவிட்டால் குறுவை என்னாகும் என்று நீங்களே கேட்கத் தொடங்குவீர்கள். தஞ்சாவூரிலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வீட்டுக்கவலை அது.

உங்கள் முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுதிக்கு ஒரே பேப்பர் போதாது. ஒரே செய்தியை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது வேண்டும். வாங்கிப் போடுங்கள். மாணவர்களே, அதில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் யாரும் உருவிக்கொண்டு போகாதீர்கள்.