கூறையும் கொல்லாமையும்



இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் வரலாறு சமணர் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிந்தது. இராஜமதியை மணம் புரிவதற்காக அவர் மணக்கோலத்தில் தேரேறிச் செல்கிறார். வழியில், அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுகிறது. "இவை ஏன் அடைக்கப்பட்டுள்ளன?" என்று தேர்ப்பாகனை வினவுகிறார். மணவிருந்தின்பொருட்டு என்ற விடை வருகிறது. அந்த இடத்திலேயே தேர் திரும்புகிறது. கிர்னார் மலை அவருடைய தவத்திற்கும் வீடுபேற்றிற்கும் உரிய இடமாகிறது. போளூரை அடுத்த திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் பாறையிலேயே வடிக்கப்பட்டு நிற்கும் நேமிநாதர் திருவுருவத்தை வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது.

இவ்வரலாற்றில் அவருடைய துறவையே பலரும் பெரிதாகப் பேசுவர். துறவு எல்லோர்க்கும் இயல்வதன்று. ஆனால் துறவுக்கு முன் அவர் செய்த செயல் ஒன்று உண்டு. அது இல்லறத்தார்க்கும் இயல்வது. தம் திருமண நாளிலே, மேளமும் வாழ்த்தொலியும் முழங்கும் வேளையிலே, அவர் ஒரு கேள்வி கேட்டார். "என் மகிழ்ச்சிக்காக இங்கே எந்த உயிர் துன்புறுகிறது?" என்பதே அக்கேள்வியின் பொருள். திருமண நாள் என்பதற்காக அறத்திற்கு விடுமுறை இல்லை என்பதை அவர் காட்டினார்.

இன்று சமணர் திருமணங்களில் விருந்தைப் பற்றி இக்கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. பல குடும்பங்களில் கிழங்கு வகைகளும் வெங்காயம், பூண்டும் விலக்கப்படுகின்றன. தண்ணீர் வடிகட்டப்படுகிறது. கதிரவன் மறையுமுன் உணவு முடிய வேண்டும் என்பதில் பெரியோர் கருத்தாக இருக்கின்றனர். சமையற்காரரிடம் இத்தனை கேள்விகள் கேட்கும் அதே குடும்பம், ஜவுளி எடுக்கச் செல்லும்போது விலையையும் நிறத்தையும் கரையின் அகலத்தையும் மட்டுமே கேட்டுத் திரும்புகிறது. இலையில் காக்கப்படும் கொல்லாமை உடையில் ஏன் காக்கப்படுவதில்லை என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

பட்டு உருவாகும் முறையைச் சுருக்கமாகக் காண்போர்க்கு இக்கேள்வியின் ஆழம் புலப்படும். முசுக்கொட்டை இலையைத் தின்று வளரும் பட்டுப்புழு ஏறத்தாழ நான்கு வாரங்களில் முதிர்ந்து, தன்னைச் சுற்றி ஒரே தொடர்ச்சியான இழையால் கூடு கட்டுகிறது. அவ்விழை பல நூறு மீட்டர் நீளமுடையது. நல்ல கூட்டில் ஒரு கிலோமீட்டரையும் எட்டும். கூட்டினுள் அது கூட்டுப்புழுவாக மாறி, சில நாள்களில் அந்துப்பூச்சியாக வெளிவர வேண்டும். வெளிவரும்போது கூட்டின் ஒரு முனையை நனைத்துத் துளைத்துக்கொண்டு வரும். துளைத்த கூட்டிலிருந்து அறாத இழையை உருவி எடுக்க இயலாது. ஆகவே பூச்சி வெளிவருமுன்னரே கூடுகள் நீராவியிலோ வெப்பக்காற்றிலோ இடப்படுகின்றன. உள்ளே இருக்கும் உயிர் மாய்கிறது. பட்டின் பளபளப்புக்கும் வழவழப்புக்கும் காரணமான அந்த அறாத இழை, ஓர் உயிரின் பயணத்தைப் பாதியில் நிறுத்தியதால் கிடைப்பது. ஒரு முகூர்த்தப் பட்டுக்கு வேண்டிய நூலைப் பெற இத்தகைய கூடுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன.

பட்டுப்புழு ஓரறிவுத் தாவரம் அன்று. இயங்கித் திரியும் திரச உயிர். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் திரச உயிர்களைக் காப்பதையே முதற்கடனாக வைக்கிறது. இல்லறத்தில் இம்சையை முற்றிலும் தவிர்த்தல் இயலாது என்பதை அறநூல்கள் அறியாமல் இல்லை. சமைத்தல், உழுதல், தொழில் செய்தல், தற்காத்தல் ஆகியவற்றில் நேரும் இம்சையை அவை வேறாகவும், எண்ணித் துணிந்து செய்யும் இம்சையை வேறாகவும் பிரித்தே பேசுகின்றன. பருத்திக் காட்டிலும் பூச்சிகள் மடியவில்லையா என்று வினவுவோர்க்கும் இதுவே விடை. பருத்தி விளைவதற்கு ஓர் உயிர் இறந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விளைவிக்கும் முறை திருந்தினால் இழப்பும் குறையும். வழக்கமான பட்டிலோ கொலை தொழிலின் ஓர் அங்கமாகவே அமைந்துவிட்டது. ஆடை தேவை, பட்டு தேவையன்று.

வாங்குவோர் நேரில் கொல்லவில்லையே என்ற சமாதானமும் உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று சமண அறம் கூறுகிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், உண்பதற்காக வாங்குவோர் இல்லையாயின் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லை என்ற கருத்தைத் தெளிவாக வைக்கிறது. இறைச்சிக்குப் பொருந்தும் அந்த நியாயம் பட்டுக்கும் பொருந்தும். கடையில் நீளும் பணமே அடுத்த கூட்டின் விதியைத் தீர்மானிக்கிறது.

இவ்விடத்தில் வரலாற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சமணர் பட்டு உடுத்தியதே இல்லை என்று சொல்வதற்கில்லை. 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட குமாரபாலர், ஆசாரிய ஹேமசந்திரரின் வழிகாட்டலில் சமணம் தழுவி, தம் நாட்டில் உயிர்க்கொலையைத் தடைசெய்தவர். பாடன் நகரின் புகழ்பெற்ற படோலாப் பட்டை நெய்யும் சால்வி குடும்பங்களை வரவழைத்து ஆதரித்தவரும் அவரே என்று அந்நகர மரபு கூறுகிறது. தமிழகத்திலும் பட்டு மடிக்கு உரியது, தூயது என்ற எண்ணம் ஊன்றியிருக்கிறது. எனவே பட்டு உடுத்திய பாட்டிமார்களையும் அன்னையரையும் குறைகூறுவது அறமாகாது. அவர்கள் கேட்கத் தவறிய கேள்வியைப் பிள்ளைகள் கேட்பது மரபை மீறுதலுமாகாது. மரபின் உட்பொருளுக்கு நெருங்கிச் செல்லுதலே ஆகும்.

'கூறை' என்னும் சொல்லே இதற்குச் சான்று. பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் ஆடை என்பதே, பட்டு என்பதன்று. மணமகளுக்குக் கூறை கொடுத்தல் என்பது புத்தாடை கொடுத்தல். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் உள்ள ஜினகாஞ்சியின் பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். பட்டுக்குப் பெயர் பெற்ற நகரின் அருகே உள்ள அத்திருத்தலத்தின் பெயர் திருப்பருத்திக்குன்றம். அங்கே விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அவ்வோவியங்களில் காணும் ஆடைகளின் கோடுகளும் பூவேலையும் இன்றைய மணப்பெண்ணுக்கும் அழகுப் பாடமாக அமையக்கூடியவை.

இனி, பட்டை விலக்க விரும்பும் குடும்பம் எதை எடுப்பது? அழகில் குறைவு நேருமோ என்ற மணப்பெண்ணின் கவலை நியாயமானது. வாழ்நாளில் ஒருமுறை வரும் நாள் அது. கைப்பேசியில் நூறு மணக்கோலங்களைப் பார்த்துப் பார்த்து மனத்தில் ஓர் உருவத்தை அவள் வரைந்து வைத்திருக்கிறாள். அந்தக் கனவை அறத்தின் பெயரால் கலைக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரச் சேலையின் எழில் பட்டிழையில் மட்டும் இல்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் கொடுத்து மூன்று நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வை வேலை, தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்திராட்சக் கரை, முந்தானையில் அடர்ந்த சரிகை ஆகியவை அனைத்தும் நெசவாளரின் கைத்திறன். பருத்திப் பாவிலும் அக்கைத்திறன் குறைவின்றி வெளிப்படும். உயர்ரகப் பருத்தியில் சரிகைக் கரையிட்டு நெய்த காஞ்சிபுரப் பருத்திச் சேலை மணமேடைக்கு முற்றிலும் ஏற்றது. ஆந்திரத்தின் வெங்கடகிரிப் பருத்தி மென்மைக்கும் நுண்சரிகைக்கும் பெயர் பெற்றது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியும் மதுரைச் சுங்குடியும் நிச்சயதார்த்தத்திற்கும் மற்றச் சடங்குகளுக்கும் பொலிவு தருவன. வங்காளத்து ஜாம்தானி, பூக்கள் காற்றில் மிதப்பது போன்ற தோற்றமுடைய பருத்தி நெசவு. மாலை வரவேற்புக்கு உகந்தது. வடநாட்டு லெஹங்காவை விரும்பும் பெண்ணும் பருத்தித் துணியில் நூல்வேலையும் கண்ணாடி வேலையும் செய்து பெறலாம். பளபளப்பே வேண்டுமெனில், மரக்கூழிலிருந்து செய்யப்படும் செயற்கைப் பட்டு இருக்கிறது. சின்னாளப்பட்டியின் பெயர் அத்தகைய சேலைகளால் தமிழகமெங்கும் பரவியது. மணமகனுக்குச் சரிகைக்கரை போட்ட பருத்தி வேட்டியும் அங்கவஸ்திரமும் போதும்.

பெயரைக் கண்டு மயங்காதிருத்தல் முக்கியம். கோவைக் கோரா காட்டன் என்னும் பெயரில் காட்டன் இருப்பினும் அதில் பட்டும் கலந்துள்ளது. கூறைநாட்டுப் புடவையிலும் சந்தேரியிலும் மகேசுவரியிலும் பட்டுக் கலப்பு உண்டு. சில்க் மார்க் முத்திரை, துணி தூய பட்டு என்பதற்கு உறுதி தருவது. அதில் உயிர் கொல்லப்படவில்லை என்பதற்கு உறுதி தருவதன்று. ஐயம் எழுந்தால் ஓரத்து இழை ஒன்றை எரித்துப் பார்க்கலாம். பட்டிழை எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். பருத்தி எரிந்தால் காகிதம் எரியும் மணம் வரும்.

அகிம்சைப் பட்டு என்ற பெயரில் விற்பதைப் பற்றியும் ஒரு சொல். பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் முறையை ஹைதராபாதில் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா 1990-களில் வளர்த்தெடுத்தார். அறாத இழை கிடைக்காததால் பஞ்சைப் போல நூற்க வேண்டியிருக்கிறது. பளபளப்புக் குறைவு, விலை அதிகம். பாராட்டத்தக்க முயற்சி அது. ஆயினும் பல தலைமுறைகளாக மனிதர் வளர்ப்பில் இருந்த அப்பூச்சி பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. வெளிவந்து முட்டையிட்டுச் சில நாள்களில் இறந்துபோகிறது. ஆமணக்கு இலையை உண்ணும் எரிப் பட்டுப்புழுவின் கூடு இயல்பிலேயே ஒருபுறம் திறந்தது, கொல்லாமலே நூற்கலாம். ஆனால் அது மிகுதியாக விளையும் அசாம், மேகாலயப் பகுதிகளில் கூட்டுப்புழுவை உணவாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே அகிம்சை என்னும் சீட்டைப் பார்த்தவுடன் மனம் அமைதி அடைந்துவிடலாகாது. கூடு எங்கே விளைந்தது, பூச்சி வெளியேறியதா, யார் நூற்றார் என்று விற்பவரிடம் கேட்டு, தெளிவான விடை வந்தால் மட்டுமே வாங்குதல் தகும்.

மற்றொரு வழியும் இருக்கிறது. பாட்டியின் பெட்டியில் உறங்கும் பட்டுச் சேலையைப் பேத்தி உடுத்துவதால் புதிதாக ஒரு கூடும் வேகப்போவதில்லை. கிழிந்த இடத்தை ரவிக்கையில் மறைத்தும், கரையை வேறொரு பருத்திச் சேலையில் சேர்த்தும் அதற்கு மறுவாழ்வு கொடுக்கலாம். புதுக்கூறை வேண்டும் என்ற சடங்குக்குப் பருத்தியும், மூத்தோர் ஆசிக்குப் பழம்பட்டும் என அமைத்துக்கொண்டால் இருதரப்பும் நிறைவுறும்.

பட்டை விலக்கினால் காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர் நிலை என்னாகும் என்ற கேள்வியைத் தட்டிக் கழித்தல் கூடாது. ஆதிபகவன் மக்களுக்கு வகுத்தளித்த ஆறு தொழில்களில் சில்பமும் ஒன்று. கைவினைஞரின் உழைப்பு அறத்தால் மதிக்கப்பட்டது. பட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு விசைத்தறியில் ஓடிய மலிவுத் துணியை வாங்கி வருவோர் ஓர் அறத்தைக் காத்து மற்றோர் அறத்தைக் கைவிட்டவராவர். அதே தறிக்காரரிடம், அதே கோர்வை வேலையை, பருத்தி நூலில் நெய்து தரும்படி முன்பணம் கொடுத்துச் சொல்ல வேண்டும். பட்டுக்குக் கொடுத்த கூலியில் ஒரு காசும் குறைக்கலாகாது. பருத்திதானே என்று பேரம் பேசுவது அவருடைய கைக்குச் செய்யும் இழுக்கு. தறியில் பாவு ஏற்றி நெய்து முடிக்க நாள்கள் பிடிக்கும். ஆதலால் முகூர்த்தத்திற்குச் சில மாதங்கள் முன்பே சொல்லிவைத்தல் நலம்.

இறுதியாக, இல்லத்தில் இதைப் பேசும் முறை. அநேகாந்தம் கற்பித்த மரபில் பிறந்தோர், பட்டு வேண்டும் என்னும் சம்பந்தி வீட்டாரை இம்சையாளர் என்று பழித்தல் பொருந்தாது. சுடுசொல்லும் இம்சையே. நிச்சயதார்த்தத்திற்கு முன், ஜவுளிப் பட்டியல் எழுதும் நாளிலேயே இரு வீட்டாரும் அமர்ந்து பேசுதல் நன்று. மணமகள் தன் விருப்பத்தை அச்சமின்றிச் சொல்லட்டும். மாமியார் தம் கவலையைச் சொல்லட்டும். எல்லாவற்றையும் ஒரே திருமணத்தில் மாற்ற இயலாவிடினும், கூறை ஒன்றாவது கொல்லாமைக்கு உரியதாக அமையட்டும். நாத்தனாருக்கும் சம்பந்திகளுக்கும் எடுக்கும் சேலைகள் அடுத்த திருமணத்தில் மாறும். விரதங்கள் யாவும் அணு அளவில் தொடங்கியே வளர்ந்தன.

அடுத்த முறை ஒரு சமணக் குடும்பம் ஜவுளிக்கடையின் விரிப்பில் அமரும்போது, விலை கேட்பதற்கு முன் "இது எதனால் நெய்தது?" என்று கேட்கட்டும். கடைக்காரர் முதன்முறை வியப்பார். பத்தாம் முறை விடையோடு காத்திருப்பார்.

வாழ்க அறம்! வளர்க கொல்லாமை!