ஊதியமும் ஊழியமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை ஆட்கொண்ட இசையைப் பற்றிச் சிறிது பேசுமாறு நம் காரியதரிசியார் பணித்தார். யாம் இசை கற்றவர் அல்லோம். கேட்டுக் கேட்டு உருகியவர்களுள் ஒருவராக மட்டுமே ஈண்டு நிற்கின்றோம். ஆயினும், நம் சங்கத்தில் இப்பொழுது முடிவு காணாது கிடக்கும் ஒரு வினாவுக்கு எம் அனுபவம் சிறிது பயன்படலாம் என்று எண்ணியே இசைந்தோம்.

அவ்வினா யாவரும் அறிந்ததே. நம் மண்டபத்தில் ஞாயிறுதோறும் சிறார்க்குத் தேவாரம் பயிற்றிவரும் ஓதுவார் ஏழாண்டுகளாக ஒரு காசும் பெற்றிலர். அவர்க்கு மாதச் சம்பளம் அமைத்தல் வேண்டும் என்று சென்ற நிர்வாக சபைக் கூட்டத்தில் ஓர் அன்பர் கூறினார். “தெய்வப் பணிக்கு விலை பேசுவதா?” என்று மற்றோர் அன்பர் தடுத்தார். இருவரும் நல்லெண்ணம் உடையவரே. யாம் அன்று வாய் திறவாது இருந்தோம். அக்குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகின்றோம்.

எமக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியபோது எம் தந்தையார் காலமானார். கடையைப் பூட்டிவிட்டு, வீட்டில் ஒருவரோடொருவர் பேசாது இருந்த நாட்கள் அவை. ஐந்தாம் நாள் மாலை எம்மூர்க் கோயில் ஓதுவார், அழையாமலே வந்து, திண்ணையில் அமர்ந்து பாடினார். பண் இன்னது என்று அறியோம். பொருளும் முழுவதும் விளங்கவில்லை. ஆனால் அதுவரை அழாதிருந்த எம் அன்னையார் அன்று அழுதார். அழுத பின்னர் அடுப்பு மூட்டினார். இசை என்பது யாது என்று எவரேனும் எம்மை வினவினால், அந்த அடுப்பின் புகையே எமக்கு நினைவில் எழும். அன்னையார் தட்டில் வைத்து நீட்டிய பணத்தை ஓதுவார் தொடவும் இல்லை.

அவரே மறுநாட் காலையில் கோயிலில் பாடினார். அதற்குக் கோயிலார் மாதந்தோறும் அவர்க்குச் சம்பளம் அளித்தனர். திண்ணையிற் பாடியதற்கு ஊதியம் இல்லை. சந்நிதியிற் பாடியதற்கு ஊதியம் உண்டு. குரல் ஒன்றே, உருக்கமும் ஒன்றே. சம்பளம் பெற்ற பாட்டில் பக்தி குறைந்திருந்தது என்று சொல்ல எம்மால் இயலாது. அச்சம்பளம் இருந்தமையாலன்றோ அவர் எம்மூரில் இருந்தார். எம்மூரில் இருந்தமையாலன்றோ எம் திண்ணைக்கும் வந்தார்!

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராச சோழர் பொறித்த கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்த செய்தியைக் கூறுகின்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு நெல் 3 குறுணி. 12 குறுணி கொண்டது 1 கலம் ஆதலின், நான்கு நாட்களில் ஒருவர்க்கு ஒரு கலம் நெல் ஆயிற்று. அவருள் ஒருவர் இறந்துபட்டாலும் வேற்றூர் சென்றாலும் அவர்தம் உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். உறவினர் தகுதியிலராயின், தகுதியுடைய பிறரைக்கொண்டு பாடுவிக்க வேண்டும் என்றும் விதித்தார். தேவாரத்தைத் தெய்வமாகப் போற்றிய வேந்தர், அதனைப் பாடுவோர் உண்ணும் நெல்லையும் அளந்தே கல்லில் வெட்டுவித்தார். அதனை விலை பேசுதல் என்று எவரும் கருதினாரல்லர்.

“தியாகராச சுவாமிகள் பொருளை மறுத்தாரே!” என்று நீவிர் கேட்கலாம். உண்மை. 1767 முதல் 1847 வரை வாழ்ந்த அப்பெரியார், தஞ்சை அரசவையின் அழைப்பை ஏற்காது, உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆனால் மறுத்தவர் அவரேயன்றி, அவர்க்குப் பொருள் வேண்டா என்று பிறர் தீர்மானித்தாரல்லர். அவர் பாடி வந்த தெருவில் இல்லந்தோறும் அரிசி இட்ட கைகள் இருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. இலவசமாகப் பாடிய ஒருவரை ஓர் ஊர் உண்பித்தது.

அவர்தம் சமாதிக்குத் திருவையாற்றில் கோயில் எடுப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்திற் பிறந்து, கச்சேரிகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு திருப்பணி செய்து, 1925-இல் குடமுழுக்கும் நிகழ்வித்தார். அக்காலத்தில் ஆராதனையில் மகளிர் பாட இடமில்லை. அம்மையார் மகளிரைத் திரட்டி அவ்விடத்தைப் பெற்றுத் தந்தார். 1952-இல் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். இன்றும் அவ்வாராதனையில் வித்துவான்கள் ஊதியம் பெறாது பாடுகின்றனர். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்கென ஐந்து கச்சேரிகள் செய்தார். 1974-இல் அவர்க்கு அளித்த மகசேசே விருதும் பொதுத்தொண்டு என்னும் பிரிவிலேயே அமைந்தது. இவ்விருவரும் ஊதியம் பெற்றோரே. பெற்றமையால்தான் கொடுக்க முடிந்தது.

இனி, எம் பிழை ஒன்றை ஒளியாது கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே விழாவுக்கு நாதசுர வித்துவான் ஒருவரை அழைக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. “சங்கத்துக்குச் செய்யும் சேவைதானே!” என்று யாமே அவரிடம் கூறினோம். அவர் நம் குலத்தவரும் அல்லர். நம் சங்கத்துக்குச் சேவை செய்ய அவர்க்கு யாது கடமை? இது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை. அவர் மறுக்காது வந்து இரண்டு மணி நேரம் வாசித்தார். தோடியை அவர் விரித்தபோது பந்தியில் அமர்ந்திருந்தோர் உண்பதை நிறுத்தினர். முடிவில் பொன்னாடை போர்த்துப் படமும் பிடித்துக்கொண்டோம். பந்தற்காரர்க்கும், விளக்குக்காரர்க்கும், சமையற்காரர்க்கும் பேசியபடி முழுப்பணமும் அன்றிரவே கொடுத்தோம்.

வித்துவான் சீவாளிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “ஐயா, தவிற்காரருக்கு உரியதை நான் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டா” என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே எம் கவலையை நீக்க எண்ணினார். அதுவே எம்மைச் சுட்டது. சேவை செய்தவர் அவர். புகழ் கொண்டவர் யாம். மறுவாரம் அவர் இல்லம் சென்று உரியதைக் கொடுத்தோம். அவர் பெற்றுக்கொண்டார். ஆனால் கேட்டுப் பெறுவதற்கும், வெட்கம் தாளாது கொண்டுவந்து தருவதைப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இருவர்க்கும் தெரிந்தே இருந்தது.

நம் மொழியிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஊழியம் என்றால் இன்று தொண்டு என்கின்றோம்; பழைய திருவிதாங்கூரிலோ அச்சொல், தாழ்த்தப்பட்ட குலத்தாரிடம் கூலியின்றி வலிந்து வாங்கிய வேலையைக் குறித்தது. சோழர் கல்வெட்டுக்களில் வரும் வெட்டி என்பதும் கூலியற்ற கட்டாய உழைப்பே. ஆகவே, தானே விரும்பிக் கொடுப்பது தொண்டு. பிறர் எதிர்பார்த்து வாங்குவது வெட்டி. இரண்டிலும் பணம் கைமாறுவதில்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

தொண்டின் மற்றொரு குறையையும் எம்மை வைத்தே சொல்லுவோம். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், நம் மாணவர் விடுதியில் மாலைதோறும் கணக்குப் பயிற்றினோம். ஊதியம் கொள்ளவில்லை, ஓய்வூதியம் வந்தமையால் அஃது எளிதாயிற்று. ஆனால் மழை பெய்த நாட்களில் யாம் செல்லவில்லை, “ஏன் வரவில்லை?” என்று எவரும் கேட்டதும் இல்லை. சம்பளம் வாங்கிய சமையற்காரரோ எந்த மழையிலும் ஒரு வேளையும் தவறினாரல்லர். மாணவர் எமக்கு மாலை சூட்டினர். அம்மாலை எவர்க்கு உரியது என்று இன்றும் எண்ணுகின்றோம்.

ஆதலின், எம் வேண்டுகோள் மூன்று. ஒன்று: ஓதுவார்க்கு மாதந்தோறும் குறித்த நாளில், அவர் கேளாமுன்னரே சம்பளம் சேர்தல் வேண்டும், அதனை அவர் வேண்டாவென்று மறுத்தால், அம்மறுப்பு அவர் செய்யும் தொண்டாகுக. இரண்டு: சந்தா திரட்டுதல், மண்டபம் பெருக்குதல், கணக்கு எழுதுதல் ஆகிய பணிகளை வசதியுடைய நாம் ஊதியமின்றி முறைவைத்துச் செய்வோமாக, முறை தவறினால் கேட்கும் உரிமையும் பிறர்க்கு இருத்தல் வேண்டும். மூன்று: குருபூசை நாட்களில் விடியுமுன் எழுந்து அரிவாள்மணையின் முன் அமரும் நம் தாய்மார்களை எவரேனும் ஒருமுறையாவது “விருப்பமா?” என்று கேட்டதுண்டா? இனியேனும் கேட்போம்.

எம் சந்தாவின் முதற்பங்கை இன்றே பொக்கிஷதாரிடம் செலுத்திவிட்டோம். அன்று எம் அன்னையார் நீட்டிய தட்டை ஓர் ஓதுவார் தொடவில்லை. அக்கடன் எம்மிடம் இருக்கின்றது; வேறோர் ஓதுவார்க்கேனும் அதனைத் தீர்க்க இடந்தருமாறு இச்சபையை வேண்டி அமைகின்றோம்.