யார் யாரிடம் கற்றுக்கொள்வது? குழந்தைகள் இல்லங்களின் பன்னாட்டு உறவு

1944 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் ஓயாத நேரம். சுவிட்சர்லாந்தின் ‘டு’ மாத இதழில் வால்டர் ராபர்ட் கோர்ட்டி ஒரு கட்டுரை எழுதினார். போரில் பெற்றோரையும் வீட்டையும் இழந்த பிள்ளைகளுக்கு ஓர் ஊரே கட்டித் தர வேண்டும் என்று அதில் கேட்டார். அவர் கேட்டது முகாமோ, நீண்ட கூடங்களில் கட்டில்களை வரிசையாகப் போட்ட விடுதியோ அல்ல. அடுப்பெரியும் வீடுகள் கொண்ட ஊர். கோர்ட்டி தத்துவம் படித்தவர், கையில் பணமில்லாதவர். பணத்தைச் சுவிஸ் மக்கள் சேர்த்தார்கள். அப்பன்செல் மலைப்பகுதியின் ட்ரோகன் என்னும் சிற்றூர் இடம் தந்தது. 1946இல் வேலை தொடங்கியபோது மண் வெட்டவும் கல் சுமக்கவும் பல நாட்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பெஸ்டலோட்சி சிறார் கிராமம் என்று பெயர்பெற்ற அந்த ஊரில் ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் தனி வீடு. வீட்டுக்குள் அவர்கள் தாய்மொழி, அவர்கள் நாட்டு இல்லப் பெற்றோர். வெளியே வந்தால் மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே திடல். நேற்றுவரை எதிரி நாடுகளாக இருந்தவற்றின் குழந்தைகள் அங்கே ஒன்றாக விளையாடினார்கள்.

1948 ஜூலையில் யுனெஸ்கோ ஒரு கூட்டத்தை ட்ரோகனிலேயே நடத்தியது. பல நாடுகளில் இத்தகைய சிறார் சமூகங்களை நடத்திவந்தவர்கள் கூடினார்கள். இரவில் அலறி எழும் பையனை என்ன செய்வது, ரொட்டியைத் திருடித் தலையணைக்குள் ஒளிக்கும் பெண்ணைத் தண்டிப்பதா என்பவை அன்று ஒவ்வொரு இல்லமும் தனியாகத் தடுமாறிய கேள்விகள். ட்ரோகன் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் ‘ஃபிசே’ என்று அழைக்கப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பு. இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்காக இன்றுவரை இயங்கிவருகிறது.

ஆனால் எல்லை தாண்டும் நல்லெண்ணம் எல்லாமே குழந்தைக்கு நல்லதாக முடியவில்லை. 1960இல் திபெத்திய அகதிப் பிள்ளைகள் ட்ரோகனுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் திபெத்திய இல்லப் பெற்றோர் இருந்தார்கள், மொழியும் வழிபாடும் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, ஒரு சுவிஸ் தொழிலதிபரின் முயற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட திபெத்தியக் குழந்தைகள் இந்தியாவிலிருந்து நேரடியாகச் சுவிஸ் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வளர்ந்தபின், பெற்ற தாயைச் சந்தித்தபோது அவரோடு பேச மொழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. அனுப்பியவர்களும் ஏற்றவர்களும் அன்பாலேயே செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதை அதனிடமோ அதன் தாயிடமோ உட்கார்ந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. பணமும் விமானச் சீட்டும் இருந்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் பெரும்பிழை. அது இன்னும் முழுதாக ஒழியவில்லை.

கேட்பது எப்படி என்பதை உலகுக்குக் கற்றுத்தந்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். அரசு அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளிலும் அந்நிய வீடுகளிலும் சேர்ப்பதை அவர்கள் பல்லாண்டுகளாக எதிர்த்தார்கள். மாவோரிப் பெரியவர் ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு 1988இல் அரசுக்கு அளித்த அறிக்கை, அந்த அமைப்புக்குள் ஊறிக்கிடந்த இனப் பாகுபாட்டை வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றால் முதலில் உறவினர் அனைவரையும் கூட்ட வேண்டும். தாத்தா பாட்டி, அத்தை மாமா, ஒன்றுவிட்ட அண்ணன்கூட வரலாம். சமூகப் பணியாளர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமே பேசி ஒரு திட்டம் வகுக்கும். குழந்தைக்கு ஆபத்தில்லை என்றால் அதிகாரிகள் அந்தத் திட்டத்தையே ஏற்க முயல வேண்டும்.

இந்த முறை இங்கிலாந்துக்கும் நார்வேக்கும் நெதர்லாந்துக்கும் சென்றது. 2015இல் நடைமுறைக்கு வந்த நெதர்லாந்தின் இளையோர் சட்டம், குடும்பம் தன் திட்டத்தைத் தானே வகுக்க முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு மக்களின் வழக்கத்தை ஐரோப்பிய அரசு அலுவலகங்கள் பாடமாகப் படித்தன. சிறார் பராமரிப்பின் பன்னாட்டு வரலாற்றில் இதைவிட மதிக்கத்தக்க பரிமாற்றம் அரிது. பிறந்த மண்ணில் அது முழு வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியாது. நியூசிலாந்தில் அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் மாவோரிகள் இன்றும் மிக அதிகம். சட்டம் வந்தது, அதற்கு வேண்டிய பணமும் அதிகாரமும் அந்தக் குடும்பங்களுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

இங்கிலாந்தின் இன்னொரு அனுபவமும் கவனிக்கத்தக்கது. டென்மார்க்கில் இல்லப் பணியாளர் பலர் மூன்றரை ஆண்டுப் பட்டம் பெற்றவர்கள். சமைப்பது, தோட்டம் போடுவது, பிள்ளையோடு சண்டையிட்டுச் சமாதானமாவது எல்லாம் அவர்களுக்குத் தொழிலின் பகுதி. அந்த முறையைக் கொண்டுவர 2008 வாக்கில் இங்கிலாந்து அரசு டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகளில் பயின்றவர்களைத் தன் இல்லங்களில் அமர்த்திப் பார்த்தது. குறுகிய காலத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆளைக் கொண்டுவந்தார்கள், அந்த ஆளை உருவாக்கிய படிப்பையும் மதிப்பையும் ஊதியத்தையும் கொண்டுவரவில்லை.

2007இல் ஃபிசே, எஸ்.ஓ.எஸ். சிறார் கிராமங்கள், வளர்ப்புப் பராமரிப்புக்கான பன்னாட்டு அமைப்பு மூன்றும் சேர்ந்து 18 தர அளவீடுகளை வெளியிட்டன. நிபுணர்களின் கருத்தை மட்டும் நம்பாமல், ஐரோப்பாவின் 26 நாடுகளில் இல்லத்திலும் வளர்ப்புக் குடும்பத்திலும் வாழ்ந்தவர்களின் கதைகளைத் திரட்டி, அவற்றிலிருந்தே அளவீடுகளை எடுத்தார்கள். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காதே, இல்லத்தைவிட்டுப் போகும் நாளுக்கு முன்கூட்டியே தயார் செய் என்பவை அதிலுள்ளவை. அனுபவித்தவர்கள் சொன்னதால் அவற்றுக்கு எடை கூடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐ.நா. பொதுச்சபை, மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. இல்லங்களில் பிள்ளைகளே அமைக்கும் குழுக்களுக்கு அதன் விதிகள் இடம் தருகின்றன.

பன்னாட்டு மாநாடுகளுக்குப் பெரும்பாலும் இயக்குநர்களே போகிறார்கள். காய்ச்சலோடு அழும் பிள்ளையின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் இல்லத் தாய்க்கும் வார்டனுக்கும் பாஸ்போர்ட்கூட இருப்பதில்லை. நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் ஒரே நாளில் சுனாமி பிள்ளைகளை இல்லங்களுக்குத் தள்ளியது. இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் அதன்மேல் போரும் வாட்டியது. இரு கரைகளின் இல்லப் பணியாளரும் ஒரு மாதம் இடம் மாறி வேலை செய்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படமாட்டார். அந்த இல்லங்களில் வளர்ந்து இன்று முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களையும் அவர்களோடு அனுப்ப வேண்டும். அறக்கட்டளைகள் பணம் ஒதுக்க நினைத்தால், தொடங்க வேண்டிய இடம் அதுவே.