ஊர் பேர் தெரியாத மருத்துவமனையிலிருந்து இதயவியலுக்கு



இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, இந்தப் பட்டத்துக்குப் பிறகு உங்களில் பலர் இங்கேயே எம்.டி., எம்.எஸ். படிப்பீர்கள். சிலர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியேற்பீர்கள். இன்னும் சிலர் அமெரிக்கா செல்ல யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: “மேடம், பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் ரெசிடென்சி கிடைக்காவிட்டால் கார்டியாலஜி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?” வேண்டாம். அமெரிக்காவில் ஊர் பேர் தெரியாத ஒரு கம்யூனிட்டி மருத்துவமனையில் பொது மருத்துவம் பயின்று, அங்கிருந்து இதயவியலுக்குப் போனவள் நான். இன்று விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் மேசையிலும் உட்கார்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பொது மருத்துவ ரெசிடென்சி 3 ஆண்டு. அதன் பிறகு இதயவியல் ஃபெல்லோஷிப் 3 ஆண்டு. ஃபெல்லோஷிப்புக்கான விண்ணப்பம் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, ஜூலையில், போய்விடும். முடிவு டிசம்பர் வாக்கில் தெரியும். ஆகவே உங்களை நிரூபிக்கக் கையில் இருப்பது முதல் இரண்டு ஆண்டுகள்தான். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. விண்ணப்பிப்பவர்கள் அதைவிடப் பல நூறு பேர் அதிகம். இங்கே டி.எம். கார்டியாலஜிக்கு நீட் எஸ்.எஸ். தரவரிசைதான் பேசும், எந்த மருத்துவமனையில் எம்.டி. முடித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏன் கேட்கிறார்கள்? ஒரு பயிற்சித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு சில இடங்களே இருக்கும். விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இருந்த எண்களில் ஒன்று குறைந்துவிட்டது. விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் இயக்குநரின் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: இரவு இரண்டு மணிக்கு, கார்டியோஜெனிக் ஷாக்கில் கிடக்கும் நோயாளியை இவரை நம்பி விடலாமா? தெரிந்த மருத்துவமனையின் பெயர் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலைத் தானே சொல்லிவிடுகிறது. தெரியாத இடத்திலிருந்து வருகிறவர் அந்தப் பாதியையும் தன் உழைப்பால் ஈட்ட வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: தொடங்கி முடித்த வேலையும், நீங்கள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த மனிதரின் சொல்லும்தான் உங்கள் மேல் நம்பிக்கையை வரவழைக்கும்.

சிறிய மருத்துவமனையில் இதற்கு வழி உண்டா? உண்டு. பெரிய இடத்தில் ரெசிடென்டுக்கும் இதய நிபுணருக்கும் நடுவே ஃபெல்லோ ஒருவர் நிற்பார். ஃபெல்லோஷிப் இல்லாத மருத்துவமனையில் அந்த நடு ஆள் கிடையாது. மாரடைப்போடு வரும் நோயாளியின் ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு நிபுணருக்குத் தொலைபேசியில் சொல்வது பெரும்பாலும் நீங்களாக இருப்பீர்கள். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் அடைப்பு திறக்கப்பட வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. அந்த நிமிடங்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அருகில் நிற்பவருக்குத் தெரியும். எக்கோ அறையில் நிபுணர் படம் பார்க்கும்போது பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். போய் உட்காருங்கள்.

இந்தக் கல்லூரி உங்களுக்குக் கொடுத்த ஒரு செல்வமும் இருக்கிறது. நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இளம் பெண்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸின் அந்த மெல்லிய ஒலியை ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுப் பழகிய காதுகள் உங்களுடையவை. அமெரிக்காவில் அந்த நோய் அரிதாகிவிட்டது. அங்கே படித்த பலருக்கு அந்த ஒலி பாடப்புத்தகத்துச் செய்தி. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து நோயறியும் பழக்கத்தை அங்கே போய் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, முடித்த வேலை. 1929இல் ஜெர்மனியில், பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் மருத்துவமனையில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் பயிற்சி மருத்துவர் தன் கைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாய் இதயத்துக்குள் இருப்பதைப் படம் எடுத்தார். மேலதிகாரி தடுத்தும் செய்தார். அந்த மீறலை நான் உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை. அவர் அதை அதே ஆண்டு கட்டுரையாக எழுதி வெளியிட்டார். பெர்லினின் பெரிய மருத்துவமனை அவரை ஏற்கவில்லை. அவர் சிறுநீரக அறுவை மருத்துவராகிவிட்டார். ஆனால் கட்டுரை பயணம் செய்தது. 1940களில் நியூயார்க்கில் ஆந்த்ரே கூர்னாங்கும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் அந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். 1956இல் மூவருக்கும் சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் கேத் லேப்களில் நடக்கும் ஒவ்வொரு ஆஞ்சியோகிராமுக்கும் அந்தச் சிற்றூரோடு உறவு உண்டு. எழுதி முடித்த வேலை, உங்கள் மருத்துவமனையின் பெயர் எட்டாத ஊருக்கும் போய்ச் சேரும்.

நீங்கள் நோபல் பரிசுக்கு உழைக்க வேண்டியதில்லை. உங்கள் மருத்துவமனையில் இதயச் செயலிழப்போடு வந்தவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் திரும்பச் சேர்கிறார்கள், ஏன் சேர்கிறார்கள் என்று கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். இப்படித் திரும்ப வருவோர் அதிகமானால் மருத்துவமனைக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் தொகையைக் குறைக்கும் முறை 2012 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே நிர்வாகமே உங்களுக்குக் கதவைத் திறக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள்; அதற்கே மாதங்கள் ஆகும். முடிவுகளைச் சுருக்கி அமெரிக்க இதயவியல் கல்லூரியின் வசந்தகால மாநாட்டுக்கோ, அமெரிக்க இதயச் சங்கத்தின் நவம்பர் மாநாட்டுக்கோ அனுப்புங்கள். பாதியில் நிற்கும் ஐந்து ஆய்வுகளைவிட முடிந்த ஓர் ஆய்வு மேல். செய்யாத வேலைக்கு உங்கள் பெயரைச் சேர்க்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். நேர்காணலில் எந்த வரியைத் தொட்டும் கேள்வி கேட்போம். பெயர் மட்டும் உள்ள கட்டுரை இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். அதைவிட முக்கியமானது, அந்தக் கட்டுரையை நம்பி வேறொரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு மருந்து எழுதுவார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருகிறேன். “கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர்” என்று எழுதிய கடிதங்கள் எங்கள் மேசைக்கு நிறைய வரும். எங்களுக்கு அவற்றால் பயனில்லை. “மயங்கி விழுந்து வந்த முதியவரின் மார்பில் அயோர்டிக் ஸ்டெனோசிஸ் ஒலியைக் கேட்டு, எக்கோ எடுக்கும் முன்பே நைட்ரோகிளிசரினை நிறுத்தச் சொன்னவர்” என்று ஒருவர் எழுதினால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்போம். அப்படி எழுத வேண்டுமானால் அவர் உங்களை அருகில் இருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு மாதம் பெரிய இதய மையம் ஒன்றில் எலெக்டிவ் கேட்டு வாங்கி, அங்கேயும் ஒருவர் உங்களைப் பார்க்கச் செய்யுங்கள்.

நேர்காணல்களுக்குப் பிறகு, எந்த மருத்துவமனை முதலில் வேண்டும் என்று மேட்சுக்கான விருப்பப் பட்டியல் எழுதும்போது பயத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். “கிடைக்கிற இடத்தை முதலில் போடு” என்று அறிவுரை சொல்வார்கள். அது தவறு. இந்த மேட்ச் முறையின் கணிதத்தை கேல், ஷாப்ளி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. ஆல்வின் ராத் இந்த முறையை மருத்துவர்களுக்காகச் செம்மைப்படுத்தினார். ஷாப்ளியும் ராத்தும் 2012இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். எட்டாத இடத்தை முதலில் எழுதியதால் இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு குறையாது. மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். நல்ல மருத்துவர்களுக்கும் அது நடக்கிறது. தலைமை ரெசிடென்டாக ஓராண்டு, ஆராய்ச்சியில் ஓராண்டு, ஹாஸ்பிடலிஸ்ட் வேலை என்று இருந்து மறுபடி விண்ணப்பித்து நுழைந்தவர்கள் பலர். ஆனால் ஜே-1 விசாவில் இருப்பவர் பயிற்சிக்கு வெளியே அப்படி வேலை பார்க்க முடியாது. எந்த விசாவில் போகிறோம் என்பதை ரெசிடென்சிக்குக் கையெழுத்துப் போடும் முன்பே யோசியுங்கள்.

ஜே-1 விசாவில் பயின்றவர் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். அல்லது, கான்ராட் திட்டத்தின்கீழ், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு பணிபுரிய வேண்டும். இதைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். இதய நிபுணர் டாக்டர் பத்மாவதியை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இரண்டாம் உலகப் போர் துரத்த, குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்தவர். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக்கிடமும், ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் இதயவியல் பயின்றார். இந்தியா திரும்பி டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இதயப் பிரிவைத் தொடங்கினார். 2020இல், 103 வயதில் மறைந்தார். பெரிய இடத்தில் கற்றதை, அது இல்லாத இடத்தில் கட்டி எழுப்பினார்.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். நாளை நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்களுக்கு இளையவர் ஒருவரை ஈ.சி.ஜி.யின் முன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். அவர் செய்ததைப் பார்த்து, பார்த்ததை எழுதிக் கொடுங்கள். தேர்வு மேசைக்கு நீங்கள் வரும் நாளில், கேள்விப்படாத மருத்துவமனையின் விண்ணப்பத்தையும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது; அதைப் படித்துப் பார்க்கும் பொறுமை நம்மிடம் இருக்க வேண்டும்.