விகடகவியும் கணிப்பொறியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணிப்பொறி பயிலும் மாணவர் தம் கையால் நிரல் எழுதிப் பார்க்கும் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு சொல் மாலைமாற்றா என்று காண்பது. சொல்லைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டும் ஒத்தால் மாலைமாற்று. ‘மேடம்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அம்மொழி எழுத்தில் இட்டால், பொறி ‘ஆம்’ என்கிறது. நம் ‘விகடகவி’யை இட்டாலோ ‘இல்லை’ என்கிறது! திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடிய மொழிக்கு இப்படியொரு சோதனை.

காரணம் எளிது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் ‘வி’ ஒரே குறியன்று. வகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ஐந்தெழுத்துச் சொல் பொறிக்குள் ஏழு குறிகளாகிறது. அவற்றை அப்படியே திருப்பினால், தனித்த இகரக் குறியொன்று முன்னே நிற்க, ‘வகடகிவ’ என்பது பின்னே வருகிறது.

அகரவரிசையிலும் இதே இடர்ப்பாடு. இந்திய மொழிகளுக்கான பொது அமைப்பைத் தழுவியதால், அம்முறையில் னகரம் நகரத்தை அடுத்து அமைந்துள்ளது. ஆகவே குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ‘மயில்’ என்பதற்கு முன்னே ‘மனம்’ வந்துவிடும். ஒரு முறையில் அடுக்கிய நூலகப் பட்டியலை மற்றொரு முறையில், பாதி பாதியாகப் பகுத்துத் தேடினால், அடுக்கில் இருக்கும் நூலையும் ‘இல்லை’ என்று பொறி சொல்லக்கூடும்.

இதற்குத் தீர்வு உண்டு. முதலில் மெய்யையும் அதனைச் சார்ந்த குறியையும் சேர்த்து ஓரெழுத்தாக்க வேண்டும். பிறகு எழுத்து ஒவ்வொன்றுக்கும் நெடுங்கணக்கின்படி வரிசையெண் தர வேண்டும். அதன்பின் பழைய வழிமுறையே பிழையின்றி இயங்கும். விகடகவியும் மாலைமாற்றாகும், மயிலும் மனத்திற்கு முந்தும்.

வழிமுறையைப் படிப்பவர்க்கு இந்நுட்பம் புலப்படுவதில்லை. செய்து பார்ப்பவர்க்கே புலப்படுகிறது. எதனை எண்ணுகிறோம் என்று வரையறுத்த பின்னரே எண்ணத் தொடங்க வேண்டும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தை முதலில் வைத்த முறையும் அதுவே அன்றோ?

பொறி ‘இல்லை’ என்றவுடன், தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது என்று ஒரு மாணவன் முடிவு கட்டிவிடலாகாது. ஆதலின், இலக்கணம் வல்ல பெரியோர் மாணவரோடு அமர்ந்து, சோதனைக்குரிய சொற்களைத் தேர்ந்து தருதல் வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.