தொற்றுக்காலத்தில் மாணாக்கர் பேணல்



கல்விக்குப் பொருள் ஈந்த ஒரு பெரியவரின் நினைவாக நிறுவப்பெற்ற இச்சொற்பொழிவிலே, கொரோனாத் தொற்று பரவிய காலத்தில் நம் கல்லூரி மாணவருக்கு நாம் செய்த உதவி எது, செய்யத் தவறிய உதவி எது என்று ஆராய்வது பொருத்தமாகும் என்று எண்ணினேன். நோய் தணிந்தது, அதைப் பற்றிய பேச்சும் ஓய்ந்து வருகிறது, ஆயினும் அந்த அனுபவத்திலிருந்து ஒரு நிரந்தரமான ஏற்பாட்டை நாம் இன்னும் வகுத்துக்கொள்ளவில்லை என்ற கவலை என்னை விட்டு நீங்கவில்லை.

2020 மார்ச் 17-ஆம் நாள் முதல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, அம்மாத இறுதி வரையில்தான் என்று அறிவிக்கப்பட்டிருந்தமையால், புத்தகங்களையும் பதிவேடுகளையும் விடுதி அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு, மாற்றுடை இரண்டொன்றுடன் ஊருக்குப் பேருந்தேறிய மாணவர் பலர். இறுதியாண்டு மாணவரைத் தவிர ஏனையோருக்கு வகுப்பறை மீண்டும் திறந்தது 2021 பிப்ரவரி 8-ஆம் நாள். அதுவும் ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டாம் அலையால் மூடப்பட்டு, செப்டம்பர் முதல் நாளே திரும்பத் திறந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம், இளமையின் மிக விலையுயர்ந்த பகுதி, வீட்டுத் திண்ணையில் கழிந்தது.

இந்த இழப்பின் தன்மையை அறிய வேண்டுமாயின், நம் கல்லூரிகளில் பயில்வோர் யார் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 2019-20-ஆம் ஆண்டின் உயர்கல்வி ஆய்வுப்படி, பாரத தேசம் முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 27.1 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் அது 51.4. இப்பெருமைக்குரிய எண்ணுக்குள்ளே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் பெருந்தொகையினராக அடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லூரி என்பது விரிவுரை கேட்கும் ஸ்தலம் மாத்திரமன்று. மூன்று வேளை உணவு நிச்சயமாகக் கிடைக்கும் இடம். இரவு பத்து மணிக்கும் விளக்கெரியும் இடம். வீட்டு வேலையோ வயல் வேலையோ குறுக்கிடாமல் ஒரு மேசையின்முன் உட்கார இடந்தரும் ஒரே இடம். இது நம் முன்னோர் அறிந்த உண்மையே. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர் தங்க இடமின்றித் தவித்ததைக் கண்டு, டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். கல்லூரியில் இடம் கிடைத்தாலும் தங்குமிடம் இல்லாதவனுக்குக் கல்வி இல்லை என்பதே அவர் கண்டது. பின்னர் அரசு நடத்திய ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கும் அடிப்படையாக நின்ற உண்மையும் அதுவே.

அப்படிப்பட்ட இடம் பறிபோனபோது, அதற்கு ஈடாக நாம் கொடுத்தது ஒரு கைபேசித் திரை. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களில் கணினி இருந்தது நூற்றுக்கு 4.4 வீட்டில், இணைய வசதி இருந்தது ஏறத்தாழ 15 வீட்டில். நல்ல வேளையாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்றோருக்கு 2011 முதல் மடிக்கணினி வழங்கிவந்த மாநிலம் நமது; அத்திட்டத்தின் பயன் அந்நாட்களில் பிரத்தியட்சமாக விளங்கிற்று. ஆனால் மடிக்கணினி இருந்தும் ‘டவர்’ இல்லாத மலையூர்களில், மாணவர்கள் பாறைமீதும் மரத்தின்மீதும் மேல்நிலைத் தொட்டியின்மீதும் ஏறி வகுப்புக் கேட்டார்கள். ஒரே ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில், தந்தை வேலைக்குப் புறப்படும்போது வகுப்பும் அவரோடு புறப்பட்டுப் போயிற்று. நாள்தோறும் இரண்டு ஜிபி இணையத் தரவு தரும் அட்டையை 9,69,047 மாணவருக்கு விலையின்றி வழங்குவதாக அரசு அறிவித்தது மிக நல்ல செயல். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில். கல்லூரிகள் மூடி ஏறத்தாழப் பத்து மாதம் கழிந்தபின். அட்டையின் காலம் ஏப்ரலோடு முடிவதாக இருந்தது. அதே உதவி 2020 ஜூனில் வந்திருக்குமாயின், எத்தனை பிள்ளைகள் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகாமல் படிப்பைத் தொடர்ந்திருப்பார்கள்!

பெண்மக்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மகள் சும்மா இருக்கும் மகளாகவே கருதப்படுகிறாள். காலையில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அடுப்பையும் தம்பி தங்கையரையும் கவனிக்க வேண்டியவளாகவும், ‘காலேஜ் எப்போது திறக்குமோ’ என்ற சாக்கில் வரன் பார்க்கப்படுகிறவளாகவும் அவள் ஆனாள். விடுதி அவளுக்குக் கொடுத்திருந்தது படிக்க இடம் மட்டுமா? மறுத்துச் சொல்ல ஒரு நியாயமான காரணத்தையும் அது கொடுத்திருந்தது.

தேர்வு விஷயத்தில் நாம் நடந்துகொண்ட முறையை என்னால் ஏற்க இயலவில்லை. 2020 ஆகஸ்டு 26-ஆம் நாள், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர் யாவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ‘ஆல் பாஸ்’ என்ற அச்சொல்லை வரவேற்றுச் சுவரொட்டிகள்கூட எழுந்தன. இரண்டு நாள் கழித்து, இறுதியாண்டுத் தேர்வு நடத்தாமல் பட்டம் வழங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரியர் விவகாரமோ சென்னை உயர் நீதிமன்றம் சென்று, தேர்வை நடத்தியே தீர வேண்டும் என்பதில் முடிந்தது. இடையில் மாதக்கணக்கில் அம்மாணவர், தேறியோமா இல்லையா என்று அறியாமல் தத்தளித்தார்கள். தவறிய பாடத்தை மறுபடி கற்பிக்க ஆசிரியரை நியமித்து, தேர்வுக்குக் கூடுதல் வாய்ப்பளித்திருந்தால் அது கருணையாகும். பாடத்தைக் கற்பிக்காமல் தேர்ச்சியை மட்டும் தருவதைக் கருணை என்று சொல்ல என் மனம் துணியவில்லை.

உண்மையான உதவி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் வகுப்புப் பொறுப்பாசிரியரிடமிருந்து வந்தது என்பேன். தம் வகுப்பில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலா, அரிசி இருக்கிறதா, அப்பாவுக்கு வேலை உண்டா, பருவக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முதல்வரிடம் நான் பேசட்டுமா என்று விசாரித்த ஆசிரியர்கள், விளம்பரமின்றி ஒரு பெரிய தர்மத்தைச் செய்தார்கள். இவர்களில் கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களும் கணிசமானோர்; அவர்களிற் பலர் அந்நாட்களில் தாமே சம்பளம் குறைக்கப்பட்டோ அறவே பெறாமலோ இருந்தவர்கள் என்பதை இச்சமூகம் மறக்கலாகாது. இரண்டாம் அலையில் தாயையோ தந்தையையோ இழந்த மாணவனுக்கு, அத்தகைய ஒரு குரல் செய்த உபகாரத்தை எந்த உதவித்தொகைக் கணக்கிலும் எழுத முடியாது.

இனி விடுதிகளைப் பற்றி. 2020 ஜூனில் சென்னை மாநகராட்சி கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை நோய்த் தனிமைப்படுத்தலுக்குக் கேட்டபோது, மாணவரின் உடைமைகள் அறைகளிலேயே இருந்தன. ஆபத்துக் காலத்தில் கட்டடங்களைக் கேட்பது அரசின் கடமையே; அதைக் குறை கூறேன். ஆனால் எந்த விடுதியைக் கொடுப்பது, எதை மாணவருக்கென நிறுத்திக்கொள்வது என்ற பகுப்பு முன்னரே இருந்திருக்க வேண்டும். விடுதியைத் திறந்தால் நோய் பரவாதா என்று கேட்பார்கள். பரவும்; 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. பொது உணவுக்கூடத்தில் ஒன்றாகக் கூடியதே அதற்கு ஏது என்று கருதப்பட்டு, அதன்பின் உணவு பொட்டலமாக அறைக்கே கொண்டுசெல்லப்பட்டது. ஓர் அறைக்கு ஒருவர், அறைக்கே உணவு, வாரந்தோறும் பரிசோதனை என்ற நிபந்தனைகளோடு, வீட்டில் படிக்க வழியற்ற மாணவருக்கு மாத்திரமாவது விடுதிகளை நடத்தியிருக்க முடியும் என்பதே இதிலிருந்து நான் பெறும் முடிவு.

ஆகவே, உயர்கல்வித் துறையின் அதிகாரிகளும் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுவினரும் வீற்றிருக்கும் இவ்வவையில் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். வீட்டில் தனி இடமோ மின்விளக்கோ இணையமோ இல்லாத மாணவர் யார் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் சேர்க்கையின்போதே பதிந்துவைக்கட்டும். மாவட்டத்துக்கு ஒரு விடுதியாவது, எத்தகைய அடைப்பு வந்தாலும் அவர்களுக்காகக் கடைசியில் மூடப்படுவதாகவும் முதலில் திறக்கப்படுவதாகவும் அரசாணையிலே எழுதப்படட்டும். அதற்கு வேண்டிய சமையற்காரருக்கும் காப்பாளருக்கும் உரிய ஊதியம் வரவுசெலவுத் திட்டத்தில் இப்போதே ஒதுக்கப்படட்டும்.